ஓரடி தள்ளி நிற்கும் சொல்

நடந்து முடிந்துபோனதைச் சொல்லுகிற வினைச்சொல்லை வைத்துக்கொண்டு ஒருவர் பெண் கேட்பார் என்று நான் கனவிலும் நினைத்ததில்லை. என் அண்ணன் வீட்டுக் கூடத்தில் அப்படித்தான் கேட்டார்கள். கேட்டவர் ஒரு வெள்ளைக்கார அம்மாள். பிரம்பு நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, இளநீர் டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "வி வேர் ஹோப்பிங்" என்று ஆரம்பித்தார். உங்கள் மகளை என் மகனுக்குத் தருவீர்கள் என்று நாங்கள் நம்பிக்கொண்டிருந்தோம். நம்பிக்கொண்டிருந்தோம்! ஏதோ நேற்றோடு தீர்ந்துபோன சமாச்சாரம் மாதிரி. ஆனால் அந்த அம்மாள் இளநீரை ஒரு வாய்கூடக் குடிக்காமல் அண்ணன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மொழிபெயர்க்க உட்கார்ந்திருந்தவள் நான். நான் உடனே நிமிர்ந்து உட்கார்ந்தேன். ஏனென்றால் இந்தச் சொல் எனக்குப் பழக்கமான சொல். பார்த்த இடம்தான் வேறு.

நான் கேரள எல்லையில் இருக்கிற முதலமடையில் ஒரு மாங்காய் மண்டியில் ஆபீஸ் வேலை பார்க்கிறவள். மாங்காய் வாங்குகிற வெளிநாட்டு வியாபாரிகளுக்கு ஆங்கிலத்தில் மெயில் எழுதுவதும், வருகிற மெயிலுக்குப் பதில் சொல்வதும் என் பொழப்பு. பள்ளிக்கூடத்தில் எனக்கு இறந்தகாலம், நிகழ்காலம், எதிர்காலம் என்று மூன்று பெட்டிகளைக் கொடுத்து அனுப்பியிருந்தார்கள். மண்டியில் வந்து உட்கார்ந்த பிறகு எந்தப் பெட்டிக்கும் மூடி சரியாகப் பொருந்தவில்லை. இப்போதே செந்தூரம் மாங்காய் வேண்டும் என்று துடிக்கிற வியாபாரி, 'நான் கேட்க நினைத்தேன்' என்று எழுதுகிறான். நினைத்தாயா, சரி, இப்போது நினைக்கவில்லையா? நாளைக் காலை புறப்படப் போகிற லாரியை, 'லாரி ஆறு மணிக்குப் புறப்படுகிறது' என்று நிகழ்காலத்தில் எழுதுகிறான். 'நான் உங்கள் இடத்தில் இருந்தேன் என்றால்' என்கிறான். இவன் எப்போது என் இடத்தில் இருந்தான்? இந்த வெயிலில், இந்த வைக்கோல் தூசியில், ஒரு நாள் இருந்து பார்க்கட்டும்!

கொஞ்ச நாள் எரிச்சல்பட்டேன். பிறகு எரிச்சல் போய் ஆச்சரியம் வந்தது. அந்த ஆச்சரியம் இன்றுவரை போகவில்லை. அவன் காலத்தைச் சொல்லவே இல்லை. தள்ளி நிற்கிறான். அவ்வளவுதான். எங்கள் பக்கம் ஒரு ஆள் வந்து மோட்டார் இரவல் கேட்கிறான் என்று வையுங்கள். நேராக வந்து கேட்க மாட்டான். வாசல் கேட்டுக்கு வெளியிலேயே நின்று செருமுவான். மழை இல்லை என்பான். மாடு எப்படிப் பால் கறக்கிறது என்பான். அப்புறம் போகிறபோக்கில், "மோட்டார் சும்மா கெடக்குதுங்களா?" என்பான். இல்லை என்று சொன்னாலும் அவன் முகம் வாடாது, நம் முகமும் வாடாது. கேட்காத மாதிரியே கேட்டுவிட்டுப் போய்விடலாம். எங்கள் ஆள் கேட்டுக்கு வெளியே நிற்கிறான், ஆங்கிலக்காரன் இறந்தகாலத்தில் போய் நிற்கிறான். அடேங்கப்பா, ஒரு மொழி காலத்தையே வாசலாக்கி வைத்திருக்கிறது!

நம் தமிழ் மட்டும் என்ன, லேசுப்பட்டதா? கோவிந்தாபுரம் செக்போஸ்டில் வரிசையில் நிற்கிற லாரி டிரைவருக்குப் போன் போட்டால், "வந்துட்டேனுங்க்கா" என்பார். வந்துவிட்டாராம்! பின்னால் ஹாரன் சத்தம் காதைக் கிழிக்கும். பொய் சொல்கிறார் என்று முன்பெல்லாம் கத்துவேன். அவர் பொய் சொல்லவில்லை. நீ கவலைப்படாதே, என் மனசு அங்கே வந்தாகிவிட்டது என்கிறார்.

என் அண்ணன் இதற்கும் மேலே. அவருக்குத் தென்மலையைப் பார்த்த மாதிரி ஒரு மாந்தோப்பு. தோப்புக்குள்ளேயே வீடு. எங்கள் பக்கம் அண்ணன் மனைவியை நங்கை என்போம். என் நங்கை ஒரு காய்ச்சலில் போய்ச் சேர்ந்து பல வருஷங்கள் ஆகின்றன. அண்ணன் இன்றுவரை அவளைப் பற்றி இறந்தகாலத்தில் ஒரு வார்த்தை பேசியதில்லை. "உன்ற நங்கைக்குக் காப்பியில சக்கரை தூக்கலா வேணும்" என்பார். வேண்டும் என்று இருந்தது அல்ல, வேணும். அந்த வெள்ளைக்கார அம்மாளுக்குக் கொடுக்கலாம் என்று நான் ஒரு பச்சைப் புடவை எடுத்து வைத்திருந்தேன். பார்த்த உடனே, "பச்சை வேண்டாம் அம்மணி. உன்ற நங்கைக்குப் பச்சை ஆவாது" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். முதலில் இந்தப் பேச்சைக் கேட்டால் எழுந்து வேறு வேலை பார்க்கப் போய்விடுவேன். பிறகு ஒரு நாள் ஆங்கில இலக்கணப் பாடம் ஒன்றைப் போனில் பார்த்துக்கொண்டிருந்தபோது, என்றைக்கும் மாறாத விஷயத்தை நிகழ்காலத்தில் சொல்வார்கள் என்று வந்தது. சூரியன் கிழக்கே உதிக்கிறது. நங்கைக்குப் பச்சை ஆகாது. அண்ணன் அவளைக் கொண்டுபோய்ச் சூரியனுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறார். நான் போனை வைத்துவிட்டு அழுதேன்.

சரி, கூடத்துக்கு வருகிறேன்.

அண்ணன் மகள், ஒரே பெண், இங்கிலாந்தில் நர்ஸ். கூட வேலை பார்க்கிற வெள்ளைக்காரப் பையனை அவளுக்குப் பிடித்துப்போயிற்று. முதலில் என்னிடம்தான் சொன்னாள். "அப்பா வேண்டாம்னா செய்ய மாட்டேனுங்க அத்தை. ஆனா வேற யாரையும் கட்டிக்கவும் மாட்டேன்" என்றாள். சொன்னால் செய்கிற பெண் அவள், அப்பனைப் போலவே. அவள் வாழ்க்கை முழுக்க அண்ணனின் ஒரு வார்த்தையில் தொங்கிக்கொண்டிருந்தது. பையனுக்கு அப்பா இல்லை, அம்மா மட்டும்தான். பெரியவர்கள் பேசும்போது மாப்பிள்ளை கூட வரக்கூடாது, அம்மாவை அனுப்பு என்று நான்தான் சொல்லிக் கொடுத்தேன். அந்த அம்மாளும் ஒரு வார லீவில், மருமகளாக வருவாளோ மாட்டாளோ தெரியாத பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு, மாசி வெயிலில் எங்கள் தோப்புக்கு வந்து இறங்கினார். சனிக்கிழமை கோயமுத்தூரிலிருந்து இருவருக்கும் விமானம்.

அவர் கேட்டதை நான் எங்கள் மரியாதைக்கு மாற்றிச் சொன்னேன். "அண்ணா, உங்க பொண்ணை அவங்க பையனுக்குக் கேட்டு வந்திருக்கறாங்க. நீங்க பாத்து ஒரு வார்த்தை சொன்னாச் சரிங்கறாங்க."

அண்ணன் அந்த அம்மாளை ஒரு தடவை பார்த்தார். மகளைப் பார்க்கவில்லை. "மொதல்ல அவங்களைச் சாப்புடச் சொல்லு அம்மணி. வெயில்ல வந்திருக்கறாங்க" என்றார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு தோப்புக்குள் போய்விட்டார். அவ்வளவுதான் பேச்சு.

மகள் சமையற்கட்டுக்கு வந்து என் தோளைப் பிடித்தாள். "அப்பா வேண்டாங்கறாருங்களா அத்தை?" என்றாள். எனக்கு என்ன தெரியும்? அந்த மனுஷன் வாயைத் திறந்தால்தானே!

அதற்குப் பிறகு நாலைந்து நாள் அந்த வீட்டில் எல்லோரும் எல்லாவற்றையும் பேசினோம், அது ஒன்றைத் தவிர. அண்ணன் அந்த அம்மாளை ராஜ உபசாரமாகக் கவனித்தார். காலையில் தோப்புக்குக் கூட்டிப் போய் ஒவ்வொரு மரமாகக் காட்டினார். தொரட்டியை அவர் கையில் கொடுத்து மாங்காய் பறிக்கச் சொன்னார். காம்பில் வடிகிற பால் மேலே படாமல் எப்படிப் பிடிப்பது என்று சைகையிலேயே சொல்லிக் கொடுத்தார். நான் இவர்களுக்கு நடுவில் மண்டிக்கு லீவு போட்டுவிட்டு அலைந்துகொண்டிருந்தேன்.

ஒரு நாள் பெரிய கிளிமூக்கு மாமரத்தடியில் நின்று அந்த அம்மாள் அண்ணாந்து பார்த்தார். காய் சரம்சரமாகத் தொங்கிக்கொண்டிருந்தது. கண் கலங்க, "ஹி வுட் ஹாவ் லவ்ட் திஸ்" என்றார்.

"என்ன சொல்றாங்க?" என்றார் அண்ணன்.

"அவங்க ஊட்டுக்காரரு இருந்திருந்தா, இதைப் பாத்து அப்பிடி ரசிச்சிருப்பாருங்கறாங்க."

அண்ணன் தாழ்ந்த கிளை ஒன்றைப் பிடித்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தார். பிறகு, "இதைப் பாத்ததே இல்லையே அம்மணி அவரு" என்றார்.

"இல்லைங்ண்ணா."

"பாக்காததை ரசிச்சிருப்பாருன்னு எப்பிடிச் சொல்றாங்க?"

நான் திகைத்துப்போனேன். எப்படித்தான் சொல்கிறார்கள்? செத்துப்போன மனுஷன், வராத ஊர், பார்க்காத மரம். ஆனாலும் அந்த ஒரு வாக்கியத்தில் அவர் வந்து நின்று, பார்த்து, ரசித்துவிட்டுப் போய்விட்டார். அது இறந்தகாலமும் இல்லை, எதிர்காலமும் இல்லை. எந்த நாள்காட்டியிலும் இல்லாத ஒரு நாள். இல்லாதவர்களுக்கென்றே மொழிக்குள் ஒரு நாளைக் கட்டி வைத்திருக்கிறார்கள் புண்ணியவான்கள், அவர்களும் சரி, நாமும் சரி. நமக்கும் 'இருந்திருந்தால்' இருக்கிறதே! நான் அதைத் தினமும் பேசியிருக்கிறேன், ஒரு நாளும் திரும்பிப் பார்த்ததில்லை. அண்ணனோ அந்த வாசல் பக்கமே போனதில்லை. அவருக்கு நங்கை இருக்கிறாள், அதோடு சரி. அவர் மரத்தை ஒரு தடவை தட்டிக்கொடுத்துவிட்டு நடந்தார்.

வியாழக்கிழமை மத்தியானம் அந்த அம்மாள் என்னை அழைத்தார். பெட்டி கட்டியாகிவிட்டிருந்தது. "இட்ஸ் டைம் வி லெஃப்ட்" என்றார். கிளம்புகிற நேரம் வந்துவிட்டது என்று அர்த்தம், சொல்லுக்குச் சொல் பார்த்தால் நாங்கள் போன நேரம் ஆகிவிட்டது. ஆள் கட்டிலில்தான் உட்கார்ந்திருக்கிறார், வினைச்சொல் மட்டும் கேட்டைத் தாண்டிப் போய்விட்டது. உங்கள் அண்ணன் நல்ல மனிதர், முடியாது என்று சொல்லச் சங்கடப்படுகிறார், நான் கேட்டிருக்கவே கூடாது, இனியும் இங்கே இருந்து அவரைச் சங்கடப்படுத்த வேண்டாம், கோயமுத்தூரில் ஓட்டலில் தங்கிக்கொள்கிறோம் என்றார். பக்கத்தில் அண்ணன் மகள் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் அழவில்லை. அழுதிருந்தால்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன்.

எனக்கு வந்ததே ஒரு கோபம்! செருப்பைக்கூடப் போடாமல் தோப்புக்கு ஓடினேன். அண்ணன் பறித்த காய்களுக்கு வைக்கோல் பரப்பிக்கொண்டிருந்தார்.

"ஏனுங்ண்ணா, வாயில என்ன கொழுக்கட்டையா வெச்சிருக்கறீங்க? வேணும்னா வேணும்னு சொல்லுங்க, வேண்டாம்னா வேண்டாம்னு சொல்லித் தொலைங்க! அந்தப் பொம்பள கடல் தாண்டி வந்து உக்காந்திருக்கறா. உங்க புள்ள செத்த மாதிரி நிக்கறா. மாங்காய்க்கு மெத்தை போடறீங்களாக்கும்!"

அவர் நிமிரவில்லை. வைக்கோலைச் சமப்படுத்தினார். "நாளைக்கு வெள்ளிக்கெழமை, அம்மணி" என்றார். "அவங்களை இன்னைக்குப் போவேண்டாம்னு சொல்லு."

வெள்ளிக்கிழமை! எனக்கு எப்படித் தோன்றாமல் போயிற்று? எங்கள் குடும்பத்தில் கல்யாணப் பேச்சு வந்தால் சரி என்றோ இல்லை என்றோ யாரும் சொல்ல மாட்டார்கள். வெள்ளிக்கிழமை அம்மனிடம் பூக் கேட்பார்கள். அம்மன் சிலையின் இரண்டு தோளிலும் தண்ணீர் தொட்டு அரளிப் பூ ஒட்டி வைப்பார்கள். வலது தோள் பூ முதலில் விழுந்தால் சம்மதம், இடது விழுந்தால் வேண்டாம். பூ விழுகிறவரை அந்தப் பேச்சை வீட்டில் யாரும் எடுக்கக் கூடாது, பூக் கேட்கப் போகிறோம் என்றுகூடச் சொல்லக் கூடாது. எடுத்தால், நாமே முடிவு செய்துவிட்டு அம்மனிடம் ஒப்புக்குக் கேட்கிற மாதிரி ஆகிவிடும். ஆனால் இதெல்லாம் எங்களுக்குள், குலம் கூட்டம் பார்த்து, சொந்தத்தில் பேசுகிற சம்பந்தத்துக்கு. ஒரு வெள்ளைக்காரப் பையனுக்காக எங்கள் அம்மன் தோளில் பூ வைப்பார்கள் என்று யார் நினைத்தார்? பெற்ற மகளே நினைக்கவில்லை. அண்ணன் முகத்தைத் திருப்பிக்கொண்டு போகவில்லை. தன்னிடம் இருக்கிற பெரிய மரியாதையை எடுத்து அந்த அம்மாள் முன்னால் வைத்துவிட்டு, வாயைக் கட்டிக்கொண்டு காத்திருந்திருக்கிறார்.

திரும்பி வந்தேன். விஷயத்தைச் சொல்ல முடியாது. சொன்னால் முறை கெட்டுவிடும். பெட்டி வாசலில் இருந்தது, டாக்சிக்குப் போன் போட்டுக்கொண்டிருந்தார்கள். அந்த அம்மாளின் முன்னால் நின்றேன். என் வாயில் தானாக வந்தது: "ஐ வாஸ் ஹோப்பிங்." நீங்கள் இன்னும் ஒரு நாள் இருப்பீர்கள் என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன்.

அவர் என்னை உற்றுப் பார்த்தார். அவர் கொண்டுவந்த சொல்லை அவரிடமே திருப்பிக் கொடுத்திருந்தேன். ஏன் என்று கேட்கவில்லை. போனை வைத்துவிட்டுப் பெட்டியைத் தானே உள்ளே தூக்கிக்கொண்டு போனார்.

வெள்ளிக்கிழமை காலையில் அண்ணன் வேட்டி சட்டையோடு வந்து நின்று, "அவங்களையும் தலைக்குத் தண்ணி ஊத்திட்டு வரச் சொல்லு. கோயிலுக்குப் போறோம்" என்றார். அவங்களையும்! பூக் கேட்கும்போது எதிர்ப்பக்கத்தாரைக் கூப்பிடுவது சம்பந்தி முறை. அண்ணன் மகள் அதைக் கேட்டுவிட்டு அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள்.

கோயில் தோப்புக்கு அடுத்த மேட்டில், ஒரு வேப்பமரத்தடியில் இருக்கிறது. பூசாரி பூவை ஒட்டினார். வலத்தில் ஒன்று, இடத்தில் ஒன்று. நின்றோம். பூ அசையவில்லை. வெயில் ஏறியது. அந்த அம்மாள் வெறுங்காலோடு சுடுகிற கல்லில் நின்றார், நிழலுக்கு வாருங்கள் என்றாலும் வரவில்லை. எதற்கு நிற்கிறோம் என்று அவருக்கு நான் சொல்லவில்லை, ஆனால் எங்கள் எல்லோர் கண்ணும் எங்கே இருக்கிறது என்று பார்த்து அவரும் அந்தப் பூக்களையே பார்த்துக்கொண்டிருந்தார். உச்சிப் பொழுது நெருங்கியது. பூசாரி கையைப் பிசைந்தார்.

"அம்மன் இன்னைக்கு வாய் தொறக்கலீங்க. நடை சாத்தோணும். அடுத்த வெள்ளி பாக்கலாமுங்க."

அடுத்த வெள்ளிக்கு இவர்கள் கடலுக்கு அந்தப் பக்கம். அண்ணன் மகள் கண்ணை மூடிக்கொண்டாள். நான் அம்மனை மனசுக்குள் திட்டினேன், சொல்லக் கூடாது, நன்றாகவே திட்டினேன்.

அண்ணன் அம்மனுக்கு நேர் முன்னால் வந்து நின்றார். பிறகு தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார். அம்மனைப் பார்த்தபடியே என்னிடம் பேசினார்.

"அவங்ககிட்டச் சொல்லு அம்மணி. உன்ற நங்கை இருந்திருந்தா, அன்னைக்கே சரின்னிருப்பா."

இருந்திருந்தா. இத்தனை வருஷமாக அவர் தொடாத சொல். அவளைச் சூரியனுக்குப் பக்கத்திலிருந்து இறக்கி, இல்லாதவர்களின் அந்த நாளில் கொண்டுபோய் நிறுத்தினார், மகளுக்காக. என்ன விலை கொடுத்து அந்தச் சொல்லை வாங்கினார் என்று எனக்குத் தெரியும்.

"சாமி பூவைக் குடுக்கறப்பக் குடுக்கட்டும். நான் பொண்ணைக் குடுத்துட்டேன்" என்றார்.

நான் ஆங்கிலத்தில் சொல்ல வாயெடுத்தேன், அழுகைதான் வந்தது. எப்படியோ சொன்னேன். இவர் மனைவி இருந்திருந்தால் அன்றைக்கே சரி என்றிருப்பார். இவர் பெண்ணைக் கொடுத்துவிட்டார். "ஷி வுட் ஹாவ் செட் யெஸ்."

அந்த அம்மாள் முகத்தை மூடிக்கொண்டார். பிறகு கையை எடுத்து, அண்ணனைப் பார்த்து, "ஸோ வுட் ஹி" என்றார்.

"அவரும் அப்பிடித்தான் சொல்லியிருப்பாராம், அண்ணா" என்றேன்.

அண்ணன் தலையாட்டினார். வேப்பமரத்தடியில் நாங்கள் வாயடைத்து நிற்க, எங்களுக்கு முன்பே, இங்கே இல்லாத அந்த இரண்டு பேரும் உட்கார்ந்து பேசி முடித்துவிட்டார்கள். இதைக் காலம் என்று சொல்லி மூன்று பெட்டிக்குள் போட்டுக் கொடுத்தவர்களை நினைத்துக்கொண்டேன்.

அண்ணன் மகள் அப்பாவின் காலில் விழுந்து கிடந்தாள். அவளைத் தூக்குகிற மும்முரத்தில் யாரும் அம்மனைப் பார்க்கவில்லை. பூசாரிதான் கத்தினார், "பூ, பூவுங்க!" என்று. வலது தோள் பூ பீடத்தில் கிடந்தது. எப்போது விழுந்தது என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. அண்ணன் பேசுவதற்கு முன்பா, பிறகா என்று பூசாரியிடம் பலமுறை கேட்டுவிட்டேன். அவரும் எங்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாராம்.

சாயங்காலம் கோயமுத்தூர் போய்ச் சம்பந்தியம்மாவுக்கும் பெண்ணுக்கும் பட்டு எடுத்துவிடலாம் என்று கிளம்பினோம். அண்ணன் காருக்கு வெளியே வந்து நின்றார். முகம் கழுவியிருந்தார். கண்ணாடியை இறக்கச் சொல்லி என்னிடம் குனிந்தார்.

"எந்த நெறத்துல வேணும்னாலும் எடு அம்மணி. பச்சை மட்டும் வேண்டாம்" என்றார். "உன்ற நங்கைக்கு ஆவாது."

"சரிங்ண்ணா, எடுக்கலை" என்றேன்.